உன் அண்ணன் மனைவிக்கு நான் செய்துவைத்த கல்யாணம்

என் மகனுக்கு,

உன் கடிதம் வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. கோபம் ஒன்றும் இல்லை, ஐயா. கோபப்படுவதற்கும் உடம்பில் தெம்பு வேண்டியிருக்கிறது. எனக்கு இப்போது அது போதவில்லை. இன்றைக்குத்தான் தென்காசியில் வெயில் தாழ்ந்து சாரல் காற்று வீசுகிறது. உன் அம்மை வெந்நீர் போட்டுக் கொடுத்தாள். குளித்த பிறகு கை கொஞ்சம் சொன்னபடி கேட்கிறது. அதனால் எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். பம்பாயில் உனக்கு எப்போது ஓய்வு கிடைக்கிறதோ அப்போது படி. பாதியில் மடித்து வைத்துவிடாதே.

பாவூர்சத்திரத்துக்காரர்கள் உனக்குப் பெண் கொடுக்க மாட்டோம் என்று பின்வாங்கிவிட்டார்கள். செத்துப்போன மூத்த மகனின் மனைவியை வேறொருவனுக்குக் கட்டிக்கொடுத்த வீட்டில் எங்கள் பெண் எப்படி வாழும் என்று தரகரிடம் கேட்டு அனுப்பினார்கள். அதற்கு நீ என்னைத்தான் குற்றம் சொல்லியிருக்கிறாய். சொல்லலாம். என்னால்தான் அது நின்றது. உனக்கு வந்த தலைகுனிவுக்காக வருத்தப்படுகிறேன். கோமதிக்குக் கல்யாணம் செய்துவைத்ததற்காக வருத்தப்படவில்லை. இரண்டையும் சேர்த்தே நீ என்னிடமிருந்து வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தக் கல்யாணத்துக்கு நீ வரவில்லை. அது எப்படி நடந்தது, ஏன் நடந்தது என்று உனக்கு யாரும் விவரமாகச் சொல்லவும் இல்லை. அந்த விவரம் என்னோடு போய்விடக் கூடாது.

உன் அண்ணன் சங்கரனிலிருந்துதான் தொடங்க வேண்டும். நம் வீட்டில் அவன் பேச்சை எடுக்காமல் இருந்து இருந்தே பழகிவிட்டோம். அவனுக்கு மோட்டார் என்றால் எவ்வளவு பைத்தியம் என்பது உனக்குத் தெரியும். யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் குற்றாலம் பஸ்ஸின் பின்னால் கரி அடுப்பைக் கட்டி ஓட்டினார்களே, அந்த அடுப்புக்குக் காற்றடிக்கிற சக்கரத்தைச் சுற்றிவிட்டு, மூஞ்சியெல்லாம் கரியோடு வந்து நிற்பான். பி.ஏ. படித்தவன் செய்கிற வேலையா இது என்று நான் கேட்டால், “வண்டிக்கு பி.ஏ. தெரியாதுல்லா அப்பா” என்பான். பட்டாளத்தில் ஆபீசர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு எழுதிப் போட்டான், எடுத்துக்கொண்டார்கள். பயிற்சி முடிந்து வந்து, “என்னை டாங்கியில போட்டிருக்காங்க” என்றான். நான் தாலுகா ஆபீஸில் குளத்தையும் மடையையும் பார்த்துக்கொண்டே காலத்தைக் கழித்தவன். எங்கள் காகிதங்களில் டாங்க் என்றால் குளம். “பயப்படாதே, குளம் வெட்டுகிற வேலைதானாம்” என்று உன் அம்மையிடம் சொன்னேன். அவள் நம்பிவிட்டாள். அவன் சிரித்த சிரிப்பில் புரை ஏறிவிட்டது. பிறகு அவளை உட்கார வைத்து, இரும்பு வண்டி, சங்கிலி போட்ட சக்கரம், மேலே பீரங்கி என்று கையைக் காட்டிக் காட்டி அவன் விளக்கினான். அவள் முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது.

நீ அப்போது திருநெல்வேலியில் காலேஜில் இருந்தாய். கதர் கட்டிக்கொண்டிருந்தாய். லீவுக்கு வந்த அண்ணனைப் பார்த்து, “வெள்ளைக்காரன் சண்டையில போய் நீ என்னத்துக்குலே சாகணும்?” என்று கேட்டாய். அண்ணனை லே போட்டு நீ பேசியது அந்த ஒரு தடவைதான். அவனும் பதிலுக்கு ஏதோ கடுமையாகச் சொன்னான். அதன் பிறகு நீங்கள் இருவரும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. அவன் கல்யாணத்துக்கு வந்தாய், ஓரமாக நின்றாய், சாப்பிட்டுவிட்டு அடுத்த ரயிலில் போய்விட்டாய். அவன் திரும்பப் பட்டாளத்துக்குப் போன அன்றைக்கும் ஸ்டேஷனுக்கு வரவில்லை. வண்டி கிளம்புவதற்கு முன்னால் ஜன்னல் வழியாக அவன் என்னிடம் சொன்னதை இதுவரை உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். சொன்னால் நீ தாங்குவாயோ என்று பயம். “தம்பி சொல்லுததுல பாதி சரிதான் அப்பா. மீதிப் பாதிக்கு நான் வந்து பதில் சொல்லுதேன். அவன்கிட்ட கோவமா இருக்காதீங்க.” இவ்வளவுதான் சொன்னான். அவன் வரவில்லை. அந்த மீதிப் பாதி என்ன என்று எனக்கும் தெரியாது. ஆனால் உன்மேல் மனக்கசப்போடு அவன் போகவில்லை. ஸ்டேஷனுக்குப் போயிருக்கலாமே என்று நீ உன்னையே தின்றுகொண்டிருந்தால், அதை இன்றோடு நிறுத்திவிடு.

கோமதியை ஆழ்வார்குறிச்சியில் பார்த்து முடித்தோம். அப்பா அம்மா இல்லாத பெண். கூடப் பிறந்தவர்களும் கிடையாது. வளர்த்த பெரியப்பா கட்டிக்கொடுத்தார். லீவு முடிகிறவரை சங்கரன் அவளைக் கூட்டிக்கொண்டு குற்றாலத்தில் ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்து இருந்தான். ஒருநாள் நான் பார்க்கப் போனேன். ஐந்தருவிப் பாதையில் ஒரு மோட்டார் கோணல்மாணலாக வந்துகொண்டிருந்தது. உள்ளே பார்த்தால் ஓட்டுகிற இடத்தில் நம் மருமகள் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் அவன். என்னைக் கண்டதும் அவள் இரண்டு கையையும் விட்டுவிட்டு முந்தானையை இழுத்துப் போர்த்தினாள். வண்டி பள்ளத்துக்குப் போக இருந்தது. அவன் எட்டிப் பிடித்து நிறுத்தினான். “மாமாவைக் கண்டா ஸ்டியரிங்கை விடக் கூடாதுட்டி” என்று அவன் சொல்ல, அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது, அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் கிடையாது.

தந்தி ஒரு மத்தியான வேளையில் வந்தது. பர்மாவில் சண்டையில் இறந்தான் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. உடம்பு இல்லை, சாம்பல் இல்லை. துக்கம் கேட்கிறவர்களுக்குச் சொல்ல ஒரு விவரம்கூட இல்லை. ஆனால் ஒரு பெண்ணின் நெற்றியையும் கழுத்தையும் வெறுமையாக்குவதற்குத் தந்தி போதும் என்று ஆகிவிட்டது. உறவுக்காரப் பெண்கள் வந்து எல்லாம் செய்தார்கள். உன் அம்மைதான் அவள் தலையிலிருந்த பூவை எடுத்தாள். நீயும் அன்று இங்கே இருந்தாய். அதை மறுபடியும் எழுத எனக்கு மனமில்லை. நீ பம்பாய்க்கு வேலைக்குப் போன பிறகு நடந்ததைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும். இருபது வயது தாண்டாத பெண் வெள்ளைச் சேலையில் அடுக்களைக்கும் கிணற்றடிக்கும் நடந்துகொண்டே இருப்பாள். வாசலுக்கு வர மாட்டாள். நானும் உன் அம்மையும் ஏதாவது பேசிக்கொண்டிருப்போம். அவள் வந்தால் பேச்சு நின்றுவிடும். நாங்கள் மூன்று பேரும் ஒருவர் கண்ணில் ஒருவர் படாமல் ஒரே வீட்டுக்குள் இருந்தோம்.

அடுத்த குற்றாலம் சீசனில் உடம்பு சரியில்லை என்று உன் அம்மைக்கு வைத்தியர் அருவிக் குளியல் சொன்னார். துணைக்குக் கோமதியும் போனாள். பேரருவியில் பெண்கள் பக்கம் இரண்டு பேரும் நின்றிருக்கிறார்கள். உன் அம்மை குளித்து வெளியே வந்துவிட்டாள், இவள் வரவில்லை. வெகுநேரம் பார்த்துவிட்டுப் பயந்துபோய் உள்ளே போய்க் கையைப் பிடித்து இழுத்திருக்கிறாள். உன் அம்மை வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னாள். கோமதி சொன்னாளாம்: “இன்னும் கொஞ்சம் நிக்கேன் அத்தை. இங்கன மட்டும்தான் யாரும் என்னையப் பார்க்காம இருக்காக. தண்ணி அடிக்க அடியில ஒருத்தராலயும் கண்ணைத் திறக்க முடியல்லா.” அதைக் கேட்டு உன் அம்மை பிடித்த கையை விட்டுவிட்டாள். அவளோடு தானும் மறுபடி அருவிக்குள் போய் நின்றிருக்கிறாள்.

யுத்தம் முடிந்து ஆட்கள் ஊர் திரும்பிய சமயம். ஒருநாள் காலையில் மைதீன் என்று ஒருவர் நம் வீட்டைத் தேடி வந்தார். கடையநல்லூரில் தறிக்காரக் குடும்பம். சங்கரன் இருந்த படையோடு, டாங்கிகளுக்கு ரிப்பேர் பார்க்கிற மெக்கானிக்காகப் போனவர். அந்தக் கூட்டத்தில் தமிழ் பேசத் தெரிந்தவர்கள் அவரும் சங்கரனும்தான். “சாயங்காலம் ஆச்சுன்னா, ‘மைதீன், ரெண்டு வார்த்தை தமிழ் பேசுங்க, காது அடைச்சுப்போச்சு’ன்னு வந்து உக்காருவாங்க ஐயா” என்றார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார்.

ஐராவதி ஆற்றைத் தாண்டி முன்னேறிக்கொண்டிருந்தார்களாம். ஆள் உயரத்துக்குப் புல், அதோடு புழுதி. டாங்கியின் மூடியைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தால் ஒன்றும் தெரியாது. அதனால் சங்கரன் தலையை வெளியே நீட்டிப் பார்த்து வழி சொல்லிக்கொண்டு போயிருக்கிறான். ஆபீசர்கள் எல்லாருமே அப்படித்தான் போவார்களாம். மரத்தின் மேலிருந்து ஒரு ஜப்பான்காரன் சுட்டிருக்கிறான். ஒரே குண்டு.

உன் அம்மை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “அன்னைக்கி அவன் சாப்பிட்டானாய்யா?” என்று கேட்டாள்.

“சாப்பிட்டாங்கம்மா. ரொட்டியும் பருப்பும். காலையில நானும் கூடத்தான் இருந்தேன்.”

“எங்களைப் பத்தி எதாச்சும் சொன்னானா?”

 மைதீன் ஏதாவது ஒன்றைச் சொல்லி எங்களைத் தேற்றிவிட்டுப் போயிருக்கலாம். யாரும் அவரைக் குறை சொல்லியிருக்கப் போவதில்லை. “பொய் சொல்ல மனசு வரலம்மா. அவங்களுக்கு ஒண்ணும் சொல்ல நேரமே இல்லை. வலியும் தெரிஞ்சிருக்காது. அது சத்தியம்” என்றார். சாயங்காலம் ஆற்றங்கரையில் எரித்தார்களாம். படையில் இருந்த சீக்கியர்கள் காட்டிலிருந்து தேக்கு மரத்தை வெட்டி அடுக்கினார்களாம். “தேக்குலயா?” என்று உன் அம்மை கேட்டாள். அவள் ஏன் அதைக் கேட்டாள் என்று எனக்குத் தெரியவில்லை. அதைக் கேட்ட பிறகுதான் அவளால் உட்கார்ந்து அழ முடிந்தது.

அப்போது உள்ளேயிருந்து கோமதி வந்தாள். வெளி ஆள் முன்னால் அவள் வந்து நின்றது தந்தி வந்த பிறகு அதுதான் முதல் தடவை. “அந்த வண்டி என்ன ஆச்சு?” என்று கேட்டாள்.

மைதீனுக்குச் சொல்லத் தயக்கம். என் முகத்தைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். “நான்தாம்மா உள்ளே இறங்கிக் கழுவினேன். வண்டிக்கு ஒண்ணும் ஆகலை. மறுநாளே ஓடிச்சு.”

“வேற யாரு ஏறினா?”

“பஞ்சாப்காரர் ஒருத்தரு. சின்ன வயசுதான்.”

“அவரு இருக்காரா?”

“இருக்காரும்மா. பிழைச்சு ஊருக்குப் போயிட்டாரு.”

“நல்லது” என்றாள் கோமதி. உள்ளே போய் ஒரு செம்பில் மோர் கொண்டுவந்து அவருக்குக் கொடுத்தாள்.

அன்றைக்குப் பிறகு அவள் நடையே மாறிற்று. கொஞ்ச நாள் கழித்து என்னிடம் வந்து, “மாமா, நான் வாத்தியாரம்மா வேலைக்குப் படிக்கட்டா?” என்று கேட்டாள். எட்டாவது வரை படித்த பெண். பாளையங்கோட்டையில் பயிற்சிப் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிட்டேன். தெருவில் பேசினார்கள். எனக்கு அது காதில் விழுந்தும் விழாமலும் இருந்தது. பிள்ளையைப் பறிகொடுத்த பிறகு தெருப்பேச்சுக்கு எவ்வளவு கனம் இருந்துவிட முடியும்? படித்து முடித்து அவளுக்குச் செங்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. தினமும் காலை ரயிலில் போய்ச் சாயங்காலம் திரும்புவாள். அவளை ஏற்றிவிட ஸ்டேஷனுக்கு நான் நடந்துபோவேன். அவன் போன அதே பிளாட்பாரம்தான். முதலில் கால் கூசியது. பிறகு பழகிவிட்டது.

அந்தப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் சுப்பிரமணியம். நம்மவர்கள்தான், ஆனால் வசதி இல்லாத குடும்பம். ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாக நம் வீட்டுக்கு வந்தார். வந்தவர் சுற்றி வளைக்கவில்லை. கோமதியைக் கல்யாணம் செய்துகொள்ள விரும்புவதாக என்னிடமே சொன்னார். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது உண்மை. எழுந்து போகச் சொல்ல வாயெடுத்தேன்.  ஆனால் அவர் என் முகத்தைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார், எழுந்திருக்கவில்லை.

“அவகிட்ட கேட்டீங்களா?” என்றேன்.

“கேட்டேன் ஐயா. மாமா சரின்னா எனக்குச் சரின்னு சொன்னாங்க. ஆனா மாமா சரின்னு சொல்லுததுக்கு முன்னாடி என்னைய ஒரு வார்த்தை கேக்கணும்னும் சொன்னாங்க.”

கேட்டேன். உன் அம்மையையும் வைத்துக்கொண்டுதான் கேட்டேன். கோமதி அழவில்லை. “அவுகளை நான் மறக்கலை மாமா. மறக்கவும் மாட்டேன். அதை அவர்கிட்டயும் சொல்லிட்டேன். ஆனா எனக்கு இன்னும் ரொம்ப வருஷம் கிடக்கு. அதை நான் வாழணும்” என்றாள். அவ்வளவுதான்.  எனக்கு இருக்கிற வருஷமே பெரிய பாரமாக இருக்கிறபோது, அவளுக்கு முன்னால் கிடக்கிற வருஷத்தை எண்ணிப் பார்த்தேன்.

 இரண்டு நாள் கழித்து உன் அம்மை அரிசி புடைத்துக்கொண்டே சொன்னாள்: “எனக்குப் பிடிக்கலை. எம் பிள்ளை பொண்டாட்டி இன்னொருத்தனுக்குச் சோறு போடுததை நினைச்சுப் பார்க்க முடியலை. ஆனா நமக்குப் பிறகு அவ யார்கிட்ட போய் நிப்பா? கட்டிக் குடுங்க. நான் வந்து நிக்கேன். சிரிக்க மட்டும் சொல்லாதீக.”

நீ எழுதியிருக்கிறாய், அண்ணன் இருந்திருந்தால் இதற்குச் சம்மதிப்பானா என்று. இருந்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது, ஐயா. அவன் இதைத்தான் விரும்பினான், சாகும் முன் அப்படிச் சொல்லிவிட்டுப் போனான் என்று உனக்கு நான் எழுதிவிடலாம். நீயும் ஆறிப்போவாய். ஆனால் அவன் ஒன்றும் சொல்லவில்லை. மைதீன் எனக்குச் சொல்லாத பொய்யை நான் உனக்குச் சொல்லக் கூடாது. இது நானும் உன் அம்மையும் கோமதியும் உயிரோடு இருந்து எடுத்த முடிவு. பழி வந்தால் எங்களுக்கு வரட்டும். அவனை இதில் இழுக்காதே. எதற்கும் அவனை இழுக்காதே. செத்தவர்கள் வாயில் நம் சொல்லை வைத்துப் பேசுவது சுலபமாக இருக்கிறது. அதனாலேயே அதைச் செய்யக் கூடாது.

கல்யாணம் குற்றாலத்தில் நடந்தது. தென்காசியில் மந்திரம் சொல்ல வருகிறேன் என்றவர் முதல் நாள் வயிற்றுவலி என்று சொல்லி அனுப்பிவிட்டார்; அதனால் இங்கே வேண்டாம் என்று இடத்தை மாற்றினோம். எனக்குத் தெரிந்தவர் ஒருவர் தன் பங்களாவைக் கொடுத்தார்; சீசன் இல்லாததால் காலியாகக் கிடந்தது. அருவியில் தண்ணீர்கூட நூலாகத்தான் விழுந்துகொண்டிருந்தது. உறவு என்று சொல்ல யாரும் வரவில்லை. மாப்பிள்ளை பக்கம் அவருடைய அம்மாவும் பள்ளிக்கூடத்து வாத்தியார்கள் சிலரும். நம் பக்கம் நானும் உன் அம்மையும் மைதீனும். மைதீன் தன் தறியில் நெய்த பச்சைச் சேலை ஒன்றைக் கொண்டுவந்தார். அதைக் கட்டிக்கொண்டு கோமதி வந்தபோது, அவள் தலையில் பூ வைக்க அங்கே சுமங்கலியாக உன் அம்மை ஒருத்திதான் முன்வந்தாள். வைத்துவிட்டுப் பக்கத்து அறைக்குப் போய்விட்டாள். தாலி கட்டுகிறபோது வந்து நின்றாள். சொன்னபடியே அவள் சிரிக்கவில்லை. நான் சிரித்தேனா என்று எனக்கு ஞாபகம் இல்லை. கன்னிகாதானம் செய்கிற இடத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக் கொடுத்தேன். என் பிள்ளையைக் கொள்ளி வைத்து அனுப்ப எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. இதையாவது என் கையால் செய்தேன்.

அதன் பிறகு நம் வீட்டுக்கு வருகிறவர்கள் குறைந்துபோனார்கள். கோயிலில் சிலர் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். களைப்பாக இருக்கிறது, ஐயா, பொய் சொல்லவில்லை. நான் எதையும் எதிர்த்து நிற்கிற ஆள் கிடையாது. பாவூர்சத்திரத்துப் பெண் நல்ல பெண் என்றே கேள்வி. ஆனால் ஒன்றை யோசித்துப் பார். நாளைக்கு உனக்கு ஒன்று ஆகி, அந்தப் பெண் தனியே நின்றால், அவளை அவர்கள் என்ன செய்வார்கள் என்பதை இப்போதே சொல்லிவிட்டார்கள். உனக்கு வேறு பெண் பார்க்கிறேன். கோமதியைப் பற்றி முதலிலேயே சொல்லித்தான் பார்க்கிறேன். கொஞ்சம் தாமதமாகும். பொறுத்துக்கொள்.

இன்னொரு சங்கதி. கோமதி உண்டாகியிருக்கிறாள். தலைப்பிரசவத்துக்கு அவளுக்கு அம்மா வீடு கிடையாது. போன வாரம் உன் அம்மை தானாகவே ரயிலேறிச் செங்கோட்டைக்குப் போய், “பிரசவம் நம்ம வீட்டுலதான். வேற எங்கயும் போகக் கூடாது” என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வந்து நடுக்கட்டு அறையை ஒழித்துக் கழுவிக்கொண்டிருக்கிறாள்.

அவளை இனி எப்படிக் கூப்பிடுவது, மதினி என்றா என்று கேலியாகக் கேட்டிருந்தாய். அக்கா என்று கூப்பிடு. அண்ணனுக்குப் பிள்ளை பிறந்திருந்தால் நீ சித்தப்பா ஆகியிருப்பாய். அது நடக்காமல் போயிற்று. இப்போது பிறக்கப்போகிற பிள்ளைக்கு மொட்டை போட்டுக் காது குத்துகிறபோது மடியில் வைத்துக்கொள்ள ஒரு தாய்மாமன் வேண்டும். கோமதிக்குக் கூடப் பிறந்தவன் இல்லை. உன் அம்மை உன் பெயரைத்தான் சொல்கிறாள். அவன் வருவான் என்று நான் அவளுக்கு வாக்குக் கொடுக்கவில்லை. கேட்டுப் பார்க்கிறேன் என்று மட்டும்தான் சொன்னேன்.

கேட்டுவிட்டேன்.

உன் அப்பா